தோற்றுக் கொடுக்கும் ஆசான்

யப்பான் என்னும் நாட்டின் பெயரை நாம் முதன்முதலிற் கேட்டது பாடசாலைப் பூகோள வகுப்பில் அன்று. எமது பேரனாரின் வாயிலேதான். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் 'மலாயாப் பென்சன்காரர்' என்றொரு கூட்டத்தார் வாழ்ந்தனர். வெள்ளையரின் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞராய் உழைத்து, ஊர் திரும்பிக் கல்வீடு கட்டி, சாய்வுக் கதிரையில் முதுமையைக் கழித்தோர் அவர்கள். எமது பேரனாரும் அவர்களுள் ஒருவர். இறப்பர்த் தோட்டங்கள், சீனர் கடைகள், ஓயாத மழை என்று மலாயாவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். ஆனால் யப்பானியப் படை அந்நாட்டை ஆண்ட மூன்றரை ஆண்டுகளைப் பற்றிக் கேட்டால் மாத்திரம் அவரது பேச்சு நின்றுவிடும்.

ஒரேயொரு முறை சொன்னார். அப்பொழுது எமக்குப் பத்து வயதிருக்கலாம். சயாமிலிருந்து பர்மாவுக்குப் புகையிரதப் பாதை அமைப்பதற்காகத் தோட்டத் தொழிலாளர்களைப் பெட்டி பெட்டியாக ஏற்றி அனுப்பிய காலம் அது. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி அழைத்தனர். வராதவரைப் பிடித்தும் வந்தனர். பெரும்பாலானோர் தமிழர். பெட்டியொன்றில் எத்தனை பேர் என்று எண்ணிப் பேரேட்டிற் பதிவது எமது பேரனாரின் கடமை. அவருக்குப் பின்னால் அதிகாரி ஒருவன் நின்றான். அவனுடைய இடையிலே நீண்ட வாள் தொங்கியது. "அந்த வாள் உறையை விட்டு வெளியே வரவில்லை, தம்பி. வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை. நான் எண்ணி எழுதினேன். போனவர்களை எண்ணச் சொன்னார்கள், திரும்பி வந்தவர்களை எண்ணும்படி எவரும் என்னைக் கேட்கவில்லை" என்றார். பின்னர் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார்.

ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதை 1942ஆம் ஆண்டிலும் 1943ஆம் ஆண்டிலும் அமைக்கப்பட்டது. அதன் ஓரத்திலே கொலராவாலும் பட்டினியாலும் அடியாலும் மாண்ட ஆசியத் தொழிலாளர் பல்லாயிரவர். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறைகள் உண்டு. பெயர் பொறித்த பலகைகள் உண்டு. எமது தொழிலாளருக்கோ பேரேட்டில் ஓர் எண்ணிக்கை மட்டுமே கிடைத்தது. ஆகவே எமது வீட்டில் யப்பான் என்றால் வாள், வாள் என்றால் யப்பான். அந்த இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்க்க எமக்கு ஐம்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

2014ஆம் ஆண்டில், கல்விப் பயணமொன்றின் பொருட்டு யப்பானிற் சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. டோக்கியோவுக்குக் கிழக்கேயுள்ள சிபா மாநிலத்தில் இடைநிலைப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஒருவரின் வீட்டில் விருந்தினராயிருந்தோம். அவர் வாரத்தில் இரு மாலைகளிற் பழைய மரபிலே வாட்பயிற்சி பெறுபவர். எம்மையும் அழைத்தார். மறுப்பது பண்பாகாது என்பதற்காகவே போனோம். விருப்போடு போகவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

பயிற்சிக்கூடத்தை அங்கே 'டோஜோ' என்பர். வழியைப் பயிலும் இடம் என்பது பொருள். நாம் எதிர்பார்த்தது ஒரு கோட்டையை. கண்டதோ நெல்வயல்களுக்கு நடுவே தகரக் கூரையிட்ட ஒரு பலகைக் கொட்டிலை. மாணாக்கர் ஏழு பேர். அவர்களுள் இருவர் பெண்கள். ஒருவர் பாரவண்டிச் சாரதி, ஒருவர் தாதி, ஒருவர் பல்கலைக்கழக மாணவர். ஆசானுக்கு எண்பது வயது. தபாற் கந்தோரில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், வயலும் செய்பவர். வகுப்புத் தொடங்குமுன் ஏழு பேரும் ஈரத்துணியாற் பலகைத் தரையைத் துடைத்தனர். எட்டாவது துணி ஆசானின் கையில் இருந்தது.

'சென்செய்' என்று அவரை அழைத்தனர். யப்பானிய மொழியில் அச்சொல் வாளாசானுக்கும் பாடசாலை ஆசிரியருக்கும் வைத்தியருக்கும் பொதுவானது; 'முன்னே பிறந்தவர்' என்பதே அதன் நேர்ப்பொருள். அறிவில் உயர்ந்தவர் என்றோ, அதிகாரம் உடையவர் என்றோ அச்சொல் சொல்லவில்லை. வழியிலே சற்று முன்னாற் போனவர் என்று மாத்திரம் சொல்கிறது. நல்ல சொல்தான். ஆனால் சொல் நல்லதாயிருப்பதால் மட்டும் வழக்கமும் நல்லதாகிவிடாது என்பதை எந்த ஆசிரியனும் அறிவான்.

பயிற்சி மரவாள்களாலேயே நடந்தது. பழைய மரபுகளிலே 'கதா' எனப்படும் வரையறுத்த படிவங்களே பாடத்தின் உயிர். இருவர் எதிரெதிரே நிற்பர். ஒருவர் வெட்டுவார், மற்றவர் அதனை விலக்கித் திருப்பி வெட்டுவார். எந்த அடி எப்பொழுது எங்கே விழும் என்பது பல தலைமுறைகளுக்கு முன்னரே வகுக்கப்பட்டது. எமது நாட்டுக் கூத்தைப் போல ஆட்டமும் தாளமும் முன்னரே தெரிந்தவை. தெரிந்ததை உயிரோடு செய்வதே கடினம். நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். சிறிது நேரத்தில் ஒன்று எமக்கு விசித்திரமாகப் பட்டது. ஆசான் எந்த மாணாக்கரோடு நின்றாலும், ஒவ்வொரு படிவத்தின் முடிவிலும் தோற்றவர் ஆசானே. இருபது வயதுப் பையனின் மரவாளும் அவரது நெற்றிக்கு ஒரு விரலிடை முன்னால் வந்து நின்றது. தாதிப் பெண்ணின் வாள்முனையும் அவரது மணிக்கட்டிலே தங்கியது.

வயதின் தளர்ச்சி என்றே முதலில் எண்ணினோம். நண்பர் திருத்தினார். அது தளர்ச்சியன்று; விதி. படிவத்தில் வெட்டத் தொடங்குபவரை 'உச்சிதாச்சி' என்றும், விடை கொடுத்து வெல்பவரை 'ஷிதாச்சி' என்றும் வழங்குவர். வெல்லும் பாத்திரம் கற்பவருக்கு உரியது. தோற்கும் பாத்திரம் எப்பொழுதும் மூத்தவருக்கு, அதாவது கற்பிப்பவருக்கு உரியது. ஏன்? தோற்பதுதான் கடினம் ஆகையால். கற்பவன் எந்த அளவுக்கு வேகத்தைத் தாங்குவான், எந்த இடைவெளியைக் காண்பான், இன்று எதை விளங்கிக்கொள்ளக்கூடியவன் என்பதையெல்லாம் அளந்து, அதற்குச் சற்றே மேலாக ஓர் அடியைக் கொடுக்க வேண்டும். பொய்யாக வெட்டினால் கற்பவன் பொய்யைக் கற்பான். மிதமிஞ்சி வெட்டினால் அஞ்சி ஒடுங்குவான். உண்மையாகவே வெட்டி, உண்மையாகவே ஓர் இடைவெளியைத் திறந்து, அந்த இடைவெளியில் வரும் அடியைத் தன் உடம்பின்மேல் ஏற்பவனே ஆசான். கற்பவனின் கை தவறினால் முறிவது ஆசானின் விரல். அவரது இடக்கைச் சுண்டுவிரல் கோணியிருந்ததை அதன் பின்னரே நாம் கவனித்தோம்.

அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர் நாம். அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு நாளாவது ஒரு மாணாக்கனிடம் தோற்றுக் கொடுத்தோமா? இதற்கான விடையைப் பின்னர் சொல்வோம். அதற்கு முன்னர், அந்த வாளின் வரலாற்றை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அழகிய படிவமொன்றைக் கண்டு மயங்கி, அது யாருடைய கையில் எதற்காக இருந்தது என்று கேளாமல் விடுவது எம்போன்றோருக்கு அழகன்று.

1588ஆம் ஆண்டிலே, யப்பானை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த தொயொதொமி ஹிதெயோஷி குடியானவர்களிடமிருந்த வாள்களையெல்லாம் பறித்தான். புத்தர் சிலையொன்றுக்கு ஆணியும் ஆப்பும் செய்யவே இந்த இரும்பு என்றும், அதனைக் கொடுப்போர் மறுமையிலும் பயன்பெறுவர் என்றும் அவனது ஆணை சொல்லிற்று. சமயத்தின் பெயரால் உழவனின் கையிலிருந்த ஆயுதம் போயிற்று. வரி கொடுக்க மறுக்கும் வலிமையும் அதனோடு போயிற்று. அடுத்து வந்த தொக்குகாவா ஆட்சியின் இரண்டரை நூற்றாண்டுகளில் இரண்டு வாள்களை இடையிற் செருகும் உரிமை சாமுராய் வகுப்புக்கே உரியதாயிற்று. நாட்டு மக்களிற் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த அந்த வகுப்பை உழவனின் நெல்லே போஷித்தது. ஆக, வாள் என்பது போர்க்கருவியாக இருந்ததைக் காட்டிலும் வர்க்க அடையாளமாக இருந்த காலமே நீண்டது.

இந்த நெடிய அமைதிக் காலத்திலேதான் வாட்கலைக்குத் தத்துவமும் வந்து சேர்ந்தது. ஷோகன்களுக்கு வாள் கற்பித்த யாகியு முனெனோரி 1632ஆம் ஆண்டில் நிறைவு செய்த நூலிலே, கொல்லும் வாளென்றும் உயிர் காக்கும் வாளென்றும் இரண்டு உண்டென விரித்தான். சிறந்த சிந்தனைதான். ஆனால் அதே ஆண்டில் அவன் பிரபுக்களைக் கண்காணிக்கும் மேலதிகாரியாகவும் நியமிக்கப்பட்டான் என்பதை மறத்தலாகாது. தத்துவம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. அது யாருடைய மாளிகையிற் சோறுண்டது என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

எனினும், மக்கள் எதையும் முற்றாக விட்டுக்கொடுப்பதில்லை. கும்மா மாநிலத்து மனிவா என்னும் கிராமத்தில் 'மனிவா நென்' என்றொரு மரபு உழவர்களிடையே வளர்ந்தது. தன்னைக் காத்தலே அதன் குறிக்கோள். டோக்கியோவுக்கு மேற்கிலுள்ள தாமா கிராமங்களிலும் உழவர் பிள்ளைகள் வயல்வேலை முடிந்தபின் மரவாளை ஏந்தினர். ஆனால் அப்பிள்ளைகளுட் சிலரே 1863இல் கியோத்தோ நகரிலே, வீழ்ந்துகொண்டிருந்த ஷோகன் ஆட்சியைக் காக்கும் காவற்படையாகி, எதிர்த்தோரை வெட்டினர். மக்களிடமிருந்து எழுந்த கலையெல்லாம் மக்களுக்கே உழைக்கும் என்பது மூடநம்பிக்கை. அதனைப் பிடித்திருக்கும் கை எங்கே பார்க்கிறது என்பதே கேள்வி.

மெய்ஜி அரசு 1876ஆம் ஆண்டில் வாள் தரிப்பதைத் தடை செய்தது. அதற்கு முன்னரே வாளாசான்கள் வறியவராகிவிட்டனர். சாக்காக்கிபாரா கென்கிச்சி என்னும் புகழ்பெற்ற ஆசான் 1873இல் டோக்கியோவிலே கொட்டகையிட்டு, காசு வாங்கி வாட்போட்டிகளைக் காட்டிச் சக ஆசான்களின் வயிற்றைக் கழுவினார். நிலப்பிரபுத்துவம் கைவிட்ட கலையைச் சந்தை தூக்கியது. சந்தைக்குப் பின்னால் அரசு வந்தது. முதலிற் பொலிஸ் படை வாட்பயிற்சியை ஏற்றது. 1911இல் நடுநிலைப் பாடசாலைகளிற் கற்பிக்க அனுமதி கிடைத்தது. 1931இல் அது கட்டாய பாடமாயிற்று. அதே ஆண்டில் மஞ்சூரியாவிற் படை நுழைந்தது. கவசமும் மூங்கில் வாளும் கொண்டு விளையாட்டாகப் பயின்ற 'கெண்டோ', போர் நெருங்க நெருங்க, பாடசாலை முற்றங்களிலே கொலைப் பயிற்சியாயிற்று. 1937இல், நான்கிங் நகரை நோக்கிச் சென்ற இரு அதிகாரிகள் யார் முதலில் நூறு பேரை வெட்டுவது எனப் போட்டியிடுவதாக டோக்கியோப் பத்திரிகையொன்று விளையாட்டுச் செய்திபோல அச்சிட்டது. அவ்விருவரும் 1948இல் நான்கிங்கிலே மரண தண்டனை பெற்றனர். அச்செய்தியில் உள்ளது எவ்வளவு உண்மை என்று இன்றும் வாதிடுவோர் உளர். எம்மைப் பொறுத்தவரை, அதனைக் காலை உணவோடு ஒரு சமூகம் வாசிக்கத்தக்கதாயிருந்தது என்பதே போதிய சாட்சி.

மறுமுறை கூடத்துக்குப் போனபோது, பயிற்சி முடிந்து தேநீர் அருந்தினோம். நாம் இலங்கையர் என்றறிந்த ஆசான் எழுந்து எமக்குத் தலைவணங்கினார். காரணம் கேட்டோம். 1951ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ மாநாட்டிலே இலங்கையின் பிரதிநிதியாய்ச் சென்ற ஜே. ஆர். ஜயவர்த்தனா, பகை பகையால் தணியாது என்னும் புத்தர் போதனையை எடுத்துக்காட்டி, யப்பானிடமிருந்து நட்டஈடு வேண்டாம் என்று அறிவித்ததை அவர் மறவாமல் வைத்திருந்தார். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டிருந்தும் நாம் மன்னித்தோமாம்.

எமக்கு நெஞ்சு உறுத்திற்று. அரசுகள் அரசுகளை மன்னிக்கின்றன. அதிற் பயனும் பெறுகின்றன. சயாம் பாதையோரத்தில் மாண்டவர்களிடம் மன்னிப்பதற்குச் சம்மதம் கேட்டவர் யார்? அந்தத் தலைவணக்கத்தை ஏற்பது களவாகும் என்று தோன்றியது. ஆகவே நண்பரின் மொழிபெயர்ப்பை நம்பி, எமது பேரனாரின் பேரேட்டைப் பற்றியும், அவருக்குப் பின்னால் நின்ற வாளைப் பற்றியும் சொன்னோம். நண்பர் இடையில் ஒருமுறை தயங்கினார். "சொல்லுங்கள்" என்றோம். சொன்னார்.

ஆசான் நெடுநேரம் பேசவில்லை. பின்பு தமது கதையைச் சொன்னார். 1945இல் அவருக்குப் பதினொரு வயது. பாடசாலை முற்றத்திலே வரிசையாய் நின்று, எதிரியை மனத்தில் நினைத்துக் கூவிக்கொண்டு மரவாளை வீசியவர்களுள் அவரும் ஒருவர். கற்பித்தவர் அன்பான ஆசிரியர். பிள்ளைகள் அவரைப் பெரிதும் நேசித்தனர். ஓகஸ்டிலே போர் முடிந்தது. இலையுதிர்காலத்தில் அதே ஆசிரியர் வகுப்புக்கு வந்து, மையும் தூரிகையும் எடுக்கச் சொல்லி, பாடப்புத்தகத்தின் இன்ன பக்கத்தில் இன்ன வரிகளைக் கறுப்பாக்குங்கள் என்றார். நேற்றுவரை மனப்பாடம் செய்வித்த வரிகள் அவை. ஏன் என்று அவர் சொல்லவில்லை. பிழையாகக் கற்பித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. "அந்த மையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. போரைக் கற்பித்ததற்கு அவரை மன்னித்துவிட்டேன். அவருக்கும் வேறு தெரியாது. பிழை என்று எங்கள் முன்னால் ஒப்புக்கொள்ளாமற் போனதைத்தான் மன்னிக்க முடியவில்லை" என்றார் அந்த முதியவர்.

போருக்குப் பின்னர் வாட்பயிற்சி பாடசாலைகளிலிருந்து நீக்கப்பட்டது. வாள்கள் பறிக்கப்பட்டன, எண்ணற்றவை உருக்கவும் கடலில் எறியவும்பட்டன. பின்னர் மெல்ல மெல்ல, போர்க்கலை என்ற பெயரை விட்டு விளையாட்டு என்ற பெயரோடு அது திரும்பியது. 1952இல் அகில யப்பான் கெண்டோச் சம்மேளனம் தோன்றியது. மறு ஆண்டிற் பாடசாலைக் கதவு மீண்டும் திறந்தது. இன்றைய சட்டம் வேடிக்கையானது. கலைப்பொருளாக மதிக்கப்படும் வாளைப் பதிவு செய்து பத்திரம் வழங்குவது படைப்பகுதி அன்று. மாநிலக் கல்விச் சபை. ஆயுதத்தைப் பாடப்பொருளாக மாற்றிவிட்டோம் என்பது அச்சட்டத்தின் உட்கருத்துப் போலும். ஆனால் எந்தப் பாடம் என்பதைப் பத்திரம் சொல்லாது. ஆசிரியன்தான் சொல்ல வேண்டும்.

2006ஆம் ஆண்டிலே யப்பானின் கல்வி அடிப்படைச் சட்டம் திருத்தப்பட்டு, மரபையும் நாட்டையும் நேசித்தல் கல்வியின் நோக்கங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 2012 ஏப்ரல் முதல் இடைநிலைப் பாடசாலையின் முதலிரண்டு ஆண்டுகளிலே ஆண், பெண் அனைவருக்கும் யூடோ, கெண்டோ போன்றவற்றில் ஒன்று கட்டாயமாயிற்று. வாளைத் தொட்டறியாத தேகாப்பியாச ஆசிரியர்கள் சில நாட் பயிற்சியோடு அதனைக் கற்பிக்க நேர்ந்தது. எமது நண்பரின் பாடசாலையில் நடந்த ஒரு வகுப்பைப் பார்த்தோம். நான்கு மூங்கிற் கீற்றுகளைச் சேர்த்துக் கட்டிய வாளை ஏந்திப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அடித்தனர். அதிலே நல்லனவும் உண்டு. அடித்து வென்றவன் கையை உயர்த்திக் கொண்டாடினால் அவன் பெற்ற புள்ளியையே மத்தியஸ்தர் மறுக்கலாம்; தோற்றவனும் மனிதன் என்பதை வேறெந்த விளையாட்டு இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறது? தொடக்கத்திலும் முடிவிலும் இருவரும் ஒரே அளவாக வணங்குகின்றனர்.

ஆனால் அதே பயிற்சிக்கு மறுபக்கமும் உண்டு. 2009 ஓகஸ்டில், தெற்கேயுள்ள ஒயிட்டா மாநிலத்து உயர்நிலைப் பாடசாலையொன்றிலே, கொடும் வெயிற் காலத்தில் நடந்த கெண்டோப் பயிற்சியில் மாணவன் ஒருவன் வெப்பத்தால் தாக்குண்டு மாண்டான். அவன் தள்ளாடியதை ஆசிரியர் நடிப்பென்று கருதினார். பிள்ளையை இழந்த பெற்றோர், அந்த ஆசிரியரின் சொந்தப் பொறுப்பையும் நிலைநாட்டும்பொருட்டுப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறினர். பாடசாலையில் மாணவரை அடிப்பது யப்பானிலே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டது. சட்டம் தடுத்தது, 'பயிற்சி' என்ற சொல்லோ அதற்கு ஒரு பின்வாயிலைத் திறந்து வைத்தது. எங்கெல்லாம் ஆசான் ஒருபொழுதும் தோற்கமாட்டானோ, அங்கெல்லாம் மாணாக்கனின் வேதனை நடிப்பாகவே தெரியும்.

பழைய மரபுகளும் குற்றமற்றவை அல்ல. சிபா மாநிலத்துக் கத்தோரி ஆலயத்தை அண்டி வளர்ந்த கத்தோரி ஷிந்தோ மரபு 1960ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் அருவப் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. 'ஹெய்ஹோ' என்னும் ஒரே ஒலிக்குப் போர்முறை என்றும் சமாதான முறை என்றும் இரு பொருள் காட்டும் பெருமை அம்மரபுக்கு உண்டு. ஆனால் கற்றதை வெளியிடேன் என்று விரலைக் கீறி இரத்தத்தாற் சத்தியம் செய்து புகும் வழக்கமும் அதற்கு உண்டு. குடும்பத் தலைமை, படிப்படியான அனுமதிப் பத்திரங்கள், இரகசியச் சுருள்கள் என அறிவைப் பூட்டி வைக்கும் முறை நிலப்பிரபுத்துவத்தின் எச்சமே. எமது நாட்டிலும் பரிகாரியின் ஏடு மகனுக்கன்றிப் பிறருக்குக் கிட்டாமற் செல்லரித்துப் போனதை நாம் அறிவோம். இதனை அந்த ஆசானிடமே சொன்னோம். அவர் மறுக்கவில்லை. "பூட்டி வைத்தவர்கள் பலர் பூட்டோடு போய்விட்டார்கள். எனக்கு ஏழு பேர் இருக்கிறார்கள், அதற்கே நன்றி" என்று சிரித்தார்.

நாம் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்திய மாலை அவரிடமிருந்து அழைப்பு வந்தது. போனோம். வழமைபோலத் தரை துடைத்தனர். வழமைபோலப் படிவங்கள் நடந்தன. முடிவில் ஏழு மாணாக்கரும் வரிசையாக மண்டியிட்டு அமர்ந்தனர். ஆசானுக்குரிய இடம் அவர்களுக்கு எதிரே. அவர் அங்கே அமரவில்லை. வரிசையின் கடைக்கோடியில், பல்கலைக்கழக மாணவனுக்குப் பக்கத்தில் எட்டாவது ஆளாக அமர்ந்து, எதிரே இருந்த இடத்தை எமக்குக் காட்டினார். "படிவத்துக்குள்ளே எல்லாம் இருக்கிறது என்று என் ஆசான் சொல்வார். எல்லாம் இல்லை. இந்த வாள் மலாயாவில் என்ன செய்தது என்பது படிவத்துக்குள் இல்லை. அதை வாயாற் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

பேரனாரின் கதையை அந்தப் பலகைத் தரையில் அமர்ந்து சொன்னோம். அரைமணி நேரம் ஆயிற்று. தாதிப் பெண் ஒரு கேள்வி கேட்டாள்: அந்தப் பேரேடு இப்பொழுது எங்கேயிருக்கிறது? தெரியாது என்றோம். சாரதி, அவருடைய பாட்டனார் பர்மாவிற் போரிட்டவர் என்றும், வீட்டில் எவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை என்றும் சொன்னார். வேறொன்றும் நடக்கவில்லை. எவரும் அழவில்லை, எவரும் எவரையும் மன்னிக்கவுமில்லை. ஆசான் மற்ற எழுவரோடும் சேர்ந்து தரையிற் கைகளை ஊன்றி வணங்கினார். இம்முறை அந்த வணக்கத்தை ஏற்க எமக்குக் கூச்சமிருக்கவில்லை.

இனி, முன்னர் எழுப்பிய கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். நாம் ஆசிரியத் தொழிலுக்கு வந்த இரண்டாவது ஆண்டு. சரித்திர பாடத்தில் ஓர் ஆண்டைக் கரும்பலகையிற் பிழையாக எழுதிவிட்டோம். பின் வாங்கிலிருந்த பையன் ஒருவன் கை உயர்த்தி, "சேர், அது பிழை" என்றான். வகுப்புச் சிரித்தது. நாம் அவனை அழைத்து, மரியாதையில்லை என்று சொல்லி, உள்ளங்கையில் நான்கு பிரம்படி கொடுத்தோம். ஐந்தாவது அடிக்குக் கையை ஓங்கும்போதே அவன் சொன்னது சரி என்று எமக்குத் தெரிந்துவிட்டது. ஆயினும் கை இறங்கிற்று. மறுநாள் அவன் வருமுன்னரே கரும்பலகையைத் துடைத்துச் சரியான ஆண்டை எழுதினோம். ஒரு சொல்லும் சொல்லவில்லை. எமது மை அது. அந்தப் பையன் அதன்பின் எமது வகுப்பில் ஒருநாளும் கை உயர்த்தவில்லை. அவன் நல்ல மாணவன். ஏதோ ஓர் இடைவெளியைக் கண்டு உண்மையாகவே ஓர் அடி கொடுத்தான். தோற்றுக் கொடுக்க எமக்குத்தான் தெரியவில்லை.

முற்போக்குச் சிந்தனையுடைய ஆசிரியர் என்று எம்மை நாமே சொல்லிக்கொள்கிறோம். அநீதியை எதிர்த்துக் கேள்வி கேளுங்கள் என்று மேடையிற் பேசுகிறோம். நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் எமது வகுப்பறையில் எம்மை நோக்கி வரும் முதற் கேள்வியைப் பிரம்பாலோ, முகச் சுளிப்பாலோ, ஏளனச் சொல்லாலோ வெட்டி வீழ்த்திவிட்டு, அதே பிள்ளைகள் நாளை அதிகாரத்தை நோக்கிக் கேள்வி எழுப்புவர் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? பேரனாருக்குப் பின்னால் நின்ற வாள் உறையிலேயே இருந்தது. அது உறையிலிருந்தபடியே ஆளக் கற்றுக்கொடுத்தவை பாடசாலைகள். எழுந்து கேளாதே, எண்ணி எழுது என்று பழக்கியவையும் பாடசாலைகளே. யப்பானியப் பாடசாலைகள் மாத்திரமல்ல. பேரனார் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளும்தான்.

வாட்கலை இந்த யுகத்துக்கு வேண்டுமா, வேண்டாமா என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. அதைப் பயில்வோர் தீர்மானிக்கட்டும். வயல் நடுவிலுள்ள ஒரு கொட்டிலிலே, மூத்தவர் தம் விரலைப் பணயம் வைத்து இளையவரிடம் தோற்கும் ஒரு முறை இன்றும் உயிரோடிருக்கிறது என்பதை மாத்திரம் சக ஆசிரியர்களுக்கு அறிவிக்க விரும்பினோம். வாளை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அந்தத் தோல்வியை நாம் கடன் வாங்கலாம். நாளைக் காலை வகுப்பிலே ஒரு பிள்ளை கை உயர்த்திப் பிழை என்று சொன்னால், பலகையைத் துடைக்குமுன் வகுப்பைப் பார்த்து, "ஓம், பிழை என்னுடையது" என்று சொல்லிப் பாருங்கள். அவ்வளவு எளிதன்று, நாம் சொல்லிப் பழக ஐம்பத்தொன்பது வயதாயிற்று.